தலைவர் வீட்டுக் காலிங் பெல்

மயிலாப்பூர் சுப்பராமன் வீட்டு வாசலில் மாட்டியிருந்த காலிங் பெல்லுக்கு ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது, உண்மையில் அது காலிங் பெல்லே கிடையாது. ஆனாலும் பல வருஷமாக, கூரியர்காரர் முதல் கீரைக்காரம்மா வரை யார் வந்து அழுத்தினாலும் டிங் டாங் என்று அடித்துக்கொண்டிருந்தது. புயலில் மரம் சாய்ந்து தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்த நாட்களிலும் அது ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது சுப்பராமன் மனைவி கோமளத்தின் கருத்து. அவள் கணவர் அந்தப் பொருளைக் காலிங் பெல் என்று சொல்லியிருந்தார். சொன்னவர் ஒரு சபைக்கு நிரந்தரத் தலைவர். அதற்கு மேல் ஒரு சின்னக் கறுப்பு டப்பா என்னதான் செய்ய முடியும்?

சபையின் பெயர் தென்சென்னைத் தொன்மைக் கார் அன்பர் சபை. பழைய கார் என்று அங்கே யாராவது சொல்லிவிட்டால் அந்தக் கூட்டம் முடியும்வரை மற்றவர்கள் அவரோடு பேசமாட்டார்கள். அன்பர்கள் இருபது இருபத்தைந்து பேர். கார்கள் பதினைந்துக்குக் குறையாது. ஓடுகிறவை நல்ல நாளில் ஏழு. சுப்பராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னை வெயிலில் கம்பளித் தொப்பியும் கழுத்தில் டையுமாகக் கூட்டத்துக்கு வருவார். வேர்வை டையின் நுனியில் சொட்டும். அதைத் துடைப்பது தலைமைக்கு அழகல்ல என்று விட்டுவிடுவார். அவரிடம் கரும்பச்சை நிறத்தில் ஒரு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷத்து ஆஸ்டின் இருந்தது. வருஷா வருஷம் கோபாலபுரத்தில் கிளம்பி அடையாறு வரை போகும் சபை ஊர்வலத்தில் முதல் வண்டி அதுதான். தென்சென்னையில் ஓடும் நிலையிலுள்ள ஒரே ஆஸ்டின் நாற்பத்தொன்பது என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார், காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சபை யாராவது ஒரு அன்பரின் கார் ஷெட்டில் கூடும். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பித்தளைத் தாம்பாளம், அதில் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு உறுப்பு. காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வைப்பர் மோட்டார், எதுவாகவும் இருக்கலாம். இன்னதென்று தெரியாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்பர்கள் ஒவ்வொருவராக அதை எடுத்துப் பார்த்து, மோந்து, காதருகே ஆட்டி, எந்த வண்டியின் எந்த இடத்தது என்று சொல்லவேண்டும். தெரியாது என்ற சொல் அந்த ஷெட்டுகளில் கேட்டதேயில்லை. கடைசியில் தலைவர் சொல்வார். அத்துடன் அது அதுவாகிவிடும். சபைக்கு இரண்டு விதிகள். உறுப்புகளை விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது, வெற்றிலை பாக்கு வைத்துத் தாம்பூலமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. உங்களிடம் உபரியாக இருப்பதை இன்னொரு அன்பர் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தே தீர வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விதியால்தான் சபையில் யாரிடமும் எதுவுமே இல்லாமல் போயிற்று. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கண்டென்சர் கிடைக்குமா என்று கேட்டால் ஐந்து நிமிஷத்துக்குள் இருபது பேர் இல்லையே என்று கூப்பிய கைகளை அனுப்பிவிடுவார்கள். அனுப்பும்போது அவர்கள் தலைக்கு மேலே பரண்கள் கனத்தில் முனகிக்கொண்டிருக்கும்.

தலைவர் சொன்னால் அது அதுவாகிவிடும் என்பதை உபசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனபாலன், சபையின் உதவித் தலைவர், ஒரு தடவை ஒரு மஞ்சள் விளக்கைக் கொண்டுவந்தார். யாரோ உடைத்துப் போட்ட லாரியின் விளக்கு அது. சுப்பராமன் அதைக் கையில் வாங்கி, நீலகிரியில் ஒரு தோட்டத் துரையின் காரில் இருந்த பனி விளக்கு என்றார். மறுநாள் காலையிலிருந்து தனபாலனின் ஷெட்டில் பனி இறங்கத் தொடங்கியது. சித்திரை வெயிலிலும் அங்கே எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது. கடைப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டை அங்கே போய்ச் சாப்பிடுவார்கள், துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு. அடையாறு வெங்கடேஷிடம் இருந்த அம்மீட்டரைக் கப்பலில் இருந்தது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்; அதன் முள் அன்றுமுதல் பேட்டரியை விட்டுவிட்டுக் கடலைக் காட்ட ஆரம்பித்தது. பட்டினப்பாக்கத்து மீனவர்கள் படகு தள்ளும் முன் வெங்கடேஷுக்குப் போன் போட்டு, முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்கள். அவரும் அலுக்காமல் சொல்வார். நல்ல வஞ்சிரம் வீட்டுக்கு வந்துவிடும்.

காலிங் பெல்லும் அந்தத் தாம்பாளத்திலிருந்து வந்ததுதான். வெங்கடேஷ் தன் அப்பாவின் ஷெட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு செப்புச் சுருள்கள், பக்கத்தில் ஒட்டிப் பிரியும் சின்ன வெள்ளி முனைகள். பார்த்த மாத்திரத்தில் சுப்பராமனுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்டின் நாற்பத்தொன்பதின் அசல் கட்-அவுட். வண்டி ஓடும்போது டைனமோவின் மின்சாரத்தை பேட்டரிக்குள் விடுவதும், வண்டி நின்றதும் அது திரும்பி வழிந்துவிடாமல் கதவைச் சாத்துவதும் அந்த டப்பாவின் வேலை. அது இல்லாத வண்டி, சம்பாத்தியம் இல்லாத வீடு மாதிரி. இருப்பது தீரும்வரை ஓடும். சுப்பராமன் வண்டியில் ஒன்று இருந்தது. அசல் ஒன்று வண்டியில், அசல் ஒன்று பரணில் என்பது அவருடைய மோட்சம். அதைவிட முக்கியமாக, தாம்பாளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மெஹபூப் அலியின் விரல்கள் நீண்டு வந்துகொண்டிருந்தன.

மெஹபூப் அலி திருவல்லிக்கேணிக்காரர். வாலாஜா மசூதிக்குப் பின்னால், பேச்சுலர்கள் தங்கும் ஒரு மேன்ஷனை ஒட்டிய ஷெட்டில் அவருடைய வண்டி நின்றது. அதே வருஷம், அதே ஆஸ்டின், நிறம் மட்டும் வெண்ணெய். அவர் மனைவி அமீனா பீ அத்தா என்று கூப்பிட்ட தகப்பனார் விட்டுப்போனது. அந்த வண்டியின் கட்-அவுட் எப்போதோ எரிந்துபோயிருந்தது. புதுப்பேட்டையில் பொறுக்கிய மாற்றுகளில் ஒன்று புகைந்தது, ஒன்று பேசாமலே இருந்தது. அப்படியே ஒத்துப்போனாலும் அசல் அல்லாத உறுப்பு மாட்டிய கார் சபையின் கண்ணுக்கு ஷேர் ஆட்டோ. ஒரு கட்-அவுட் கிடைத்தால் போதும், தென்சென்னையில் ஓடும் ஆஸ்டின்கள் இரண்டாகிவிடும். ஒலிபெருக்கிக்காரர் ஒரே என்ற சொல்லை எடுத்துவிடுவார். இத்தனையும் சுப்பராமன் தலைக்குள் ஓடி முடிய ஒரு கண் இமைப்புக்கூட ஆகவில்லை. கௌரவமான ஒரு பொய்யைத் தேட அவகாசமில்லாமல், "காலிங் பெல்" என்றுவிட்டார்.

"எங்க பெரியப்பா ஆத்துல இதே மாதிரி ஒண்ணு இருந்தது" என்று அவரே சேர்த்துக்கொண்டார். தனபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தலைவர் சொன்ன பொறவுதான் எனக்கே தெரியுது, பாத்துக்கிடுங்க. அப்படியே பெல்லுல்லா!" என்றார். மெஹபூப் அலியின் விரல்கள் தாம்பாளத்தின் விளிம்பு வரை வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் தாளம் போட்டுவிட்டுத் திரும்பின. "சரி சார், நீங்க சொன்னா பெல்லுதான்" என்றார். குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று சுப்பராமன் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பரணுக்கு ஏணி தேடும்போது கோமளம் பையைத் திறந்துவிட்டாள்.

"என்னது இது?"

வேறு வழியில்லாமல், "காலிங் பெல்" என்றார் சுப்பராமன்.

"நல்லதாப் போச்சு. நம்மாத்து பெல் பொங்கலுக்கே வாயை மூடிண்டுடுத்து. கையோட மாட்டிடுங்கோ."

இரண்டு திருகாணி போட்டு மாட்டினார். ஒயர் கொடுக்கவில்லை. அடிக்காது, இரண்டு நாளில் கழற்றிவிடலாம் என்பது திட்டம். மறுநாள் விடிந்ததும் முதலில் வந்த பால்காரர் மூடியை அழுத்தினார், அது டிங் டாங் என்றது. சுப்பராமன் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு வாசலுக்கு ஓடிப் பார்த்தார். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு அதன் அருகில் குனிந்து, "நீ கட்-அவுட்" என்று ரகசியமாகச் சொன்னார். டிங் டாங் என்றது. இன்னொரு தடவை சொன்னார். இன்னொரு தடவை அடித்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

அதற்குப் பிறகு வருஷங்கள் வழக்கமான வேகத்தில் போயின. மெஹபூப் அலி பேட்டரியின் எல்லைக்குள் வாழப் பழகிவிட்டார். வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பகலில், விளக்குப் போடாமல், ஹாரன் அடிக்காமல், அடையாறு பாலம் வரை போய்த் திரும்பலாம். பாலத்தின் இந்த முனையில் வண்டியை ஓரங்கட்டி, அமீனா பீயும் அவரும் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார்கள். அமீனா பீயின் தங்கை ஷகீலா கோவளத்தில், தர்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அத்தா காரில் ஒரு தடவை தங்கை வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும், அதுவும் விளக்கு இரண்டையும் எரியவிட்டுக்கொண்டு, என்பதுதான் அமீனா பீயின் ஆசை. பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, மகன் துபாயிலிருந்து டாக்ஸி போட்டே அனுப்புவான். அதிலெல்லாம் அவள் போய்வந்துகொண்டுதான் இருந்தாள். "போறதா பெருசு? நாம எதுல வர்றோம்னு அவ பாக்கணும்" என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மெஹபூப் அலி மயிலாப்பூருக்கு வருவார். காபி சாப்பிடுவார். இரண்டு பேரும் கார் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, மற்ற அன்பர்களின் கார்களைப் பற்றி மனசாரக் குறை சொல்வார்கள். உலகத்தில் சுப்பராமனுக்கு அந்த மணி நேரத்தைப் போல இன்னொன்று கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் அந்த பெல் ஒலிக்கும். மெஹபூப் அலி மற்றவர்களைப் போல ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுக் கையை எடுக்கமாட்டார். மெதுவாக, நிதானமாக, பச்சைக் குழந்தையின் கன்னத்தை அழுத்துகிற மாதிரி அழுத்துவார். பிறகு கைக்குட்டையால் மூடியில் படிந்த தூசியைத் துடைப்பார். உள்ளே நாற்காலியில் இருக்கும் சுப்பராமன் அந்த டிங்குக்கும் டாங்குக்கும் நடுவில் பேப்பரில் ஒரே வரியை இரண்டு தடவை படிப்பார். பெல் மாற்றிவிடலாம் என்று கோமளத்திடம் பல தடவை சொல்லிப் பார்த்தார். "கரண்டே கேட்காத பெல்லை எவளாவது மாத்துவாளா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

பிறகு மெட்ரோ ரயிலுக்காக ஊரைத் தோண்டினார்கள். லஸ் முனையில் தடுப்பு வைத்தார்கள், கச்சேரி ரோட்டைத் திருப்பிவிட்டார்கள், நேற்று வலது பக்கம் போன தெரு இன்றைக்கு இடது பக்கம் போயிற்று. சந்து சந்தாகச் சுற்றிப் போவதற்குள் மெஹபூப் அலியின் பேட்டரி மூச்சு வாங்கிவிடும். பாலம் வரை போன வண்டி பட்டினப்பாக்கத்தோடு நின்றது, அப்புறம் சாந்தோமோடு, அப்புறம் ஒரு நாள் ஐஸ் ஹவுஸ் திருப்பத்திலேயே படுத்துவிட, மேன்ஷன் பையன்கள் தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"சார், ஒரு முடிவு பண்ணிக்கினேன். நிக்கிற எடத்துலயே நிக்கிற வண்டிக்கு எதுக்கு ஷெட்டு? மாசக் கடைசி ஞாயித்துக்கெழம கூட்டத்துல சாவியத் தாம்பாளத்துல வெச்சி உங்களாண்ட குடுத்துடறேன். டைனமோ, செல்ஃப் மோட்டாரு, லைட்டு, அல்லாமே நல்லா கீது. நீங்க பிரிச்சி எடுத்துக்கினா உங்க வண்டி இன்னும் இருவது வருஷம் ஓடும். என் வண்டி ஓடாட்டியும் உங்க வண்டியிலயாச்சும் ஓடட்டுமே."

"அமீனா பீ என்ன சொல்றா?"

"இன்னா சொல்வா? ரெண்டு நாளா கார் கண்ணாடியத் தொடச்சிக்கினே கீறா."

சுப்பராமன் கனவில்கூட இவ்வளவு கேட்டதில்லை. எதிரி வண்டியே போய், அதன் எலும்பெல்லாம் தன் பரணுக்கு வரப்போகிறது. ஊர்வலத்தில் ஒரே என்ற சொல் அவர் காலத்துக்கும் பத்திரம். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்து, அதற்கான முகத்தையும் தயார் செய்துகொண்டார். ஆனால் அன்று ராத்திரி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோமளம் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறு வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஹபூப் அலி தொழுகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, சுப்பராமன் பெல்லைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு ஆட்டோ ஏறினார். சத்தமில்லாமல் மாட்டிவிட்டு வந்துவிட வேண்டியது. வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று அவர்கள் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வார்கள். தலைவருக்கு ஒரு சேதமும் இல்லை. வண்டியின் நிலைமையைப் பார்த்துப்போக வந்தேன் என்றார் அமீனா பீயிடம். அவள் ரோஸ் மில்க் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரிக்கும்போது கொஞ்சம் பாத்துப் பிரிங்கண்ணா. எங்கத்தா வண்டி" என்றாள். சுப்பராமன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வேலை தெரிந்தவர்தான்; பத்து நிமிஷத்தில் டப்பா அதன் பிறவி இடத்தில் உட்கார்ந்தது. ஒரு நூல்கூடப் பிசகாமல் பொருந்தியது. இன்ஜினைக் கிளப்பினார். அம்மீட்டர் முள் அசையவில்லை. டைனமோ சுற்றியது, டப்பா வாங்கவில்லை. வண்டியைத் தெருவுக்கு இறக்கிக் கொஞ்சம் வேகம் கொடுத்துப் பார்த்தார்.

பானட்டுக்குள்ளிருந்து டிங் டாங் என்று கேட்டது.

மேன்ஷனின் இரண்டு மாடிக் கதவுகளும் வரிசையாகத் திறந்தன. பிரியாணி ஆர்டர் போட்டிருந்தவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தோ வந்துட்டேன், வெயிட் பண்ணு நைனா!" என்று படியில் இறங்கினார்கள். வண்டி ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் அது அடித்தது, ஒவ்வொரு வாசலிலும் யாரோ வந்து நின்றார்கள். தெருமுனை மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு வெளியே வந்து பார்த்தார். தெருவைச் சுற்றி சுப்பராமன் ஷெட்டுக்குத் திரும்புவதற்குள் அமீனா பீ தன் வீட்டுக் கதவை மூன்று தடவை திறந்து மூடியிருந்தாள். அவர் டப்பாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மீதி ரோஸ் மில்க்கை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் கோமளம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"அங்கேயும் பெல்லாத்தான் அடிச்சுதா?"

சுப்பராமன் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"சபையைக் கூட்டித் தாம்பாளத்து முன்னாடி நின்னுண்டு பெல்லுன்னேள். இப்போ திருட்டுத்தனமா போய் மாத்தினா அது எப்படிக் கேட்கும்? அதுக்கும் ஒரு மரியாதை இருக்கோல்லியோ?"

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன நாளா உங்க காரை நான்தானே தள்ளிண்டிருக்கேன். கட்-அவுட் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் கோமளம். "நீங்களே இன்னிக்குச் சொல்லுவேள், நாளைக்குச் சொல்லுவேள்னு பார்த்தேன். பெல் நன்னா அடிச்சுது, நானும் விட்டுட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தனபாலன் ஷெட்டில். பனி வழக்கத்தைவிட அடர்த்தியாக இருந்தது. அன்பர்கள் ஒருவர் தோளை ஒருவர் தடவித்தான் உட்கார இடம் பிடித்தார்கள். மெஹபூப் அலி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், நடுவில் கார் சாவி. சாவியில் அமீனா பீ ஒரு மல்லிகைச் சரத்தைச் சுற்றி அனுப்பியிருந்தாள். தனபாலன் எழுந்து, இப்படியொரு கொடையைச் சபை கண்டதில்லை என்று பேச ஆரம்பித்தார். சுப்பராமன் குறுக்கிட்டார். சாவியை ஒரு ஓரமாக நகர்த்தினார். மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார். டையைச் சரி செய்துகொண்டார்.

"அன்பர்களே, அண்மைக்கால ஆய்வுகளின் வெளிச்சத்தில்..."

டிங் டாங் என்றது டப்பா.

"முன்பொரு கூட்டத்தில் நிலவிய போதிய வெளிச்சமின்மை காரணமாக..."

டிங் டாங்.

உள்ளேயிருந்து தனபாலனின் மனைவி சரோஜாதேவி, "ஏங்க, வாசல்ல ஆரோ வந்திருக்காவ, பாருங்க" என்று குரல் கொடுத்தாள்.

"ஒருவரும் வரல, நீ உள்ள இரி" என்றார் தனபாலன்.

சுப்பராமன் தொண்டையைக் கனைத்தார். "இந்த உறுப்பு காலிங் பெல் மட்டுமே என்று அறுதியிட்டுக் கூற இயலாது என்பது எனது பணிவான..."

இந்தத் தடவை அது நிறுத்தாமல் அடித்தது. கடைப் பெண்கள் மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பனிக்குள் யாரோ சிரிப்பை அடக்கித் தும்மினார்கள். சுப்பராமன் தொப்பியைக் கழற்றினார். சபை ஆரம்பித்த நாளிலிருந்து கூட்டத்தில் யாரும் அவர் தலையைப் பார்த்ததில்லை; சின்னதாக, வழுக்கையாக, யாரோ பக்கத்து வீட்டு மனிதரின் தலை மாதிரி இருந்தது. தாம்பாளத்தைப் பார்க்காமல் மெஹபூப் அலி இருக்கும் பக்கமாக, பனியைப் பார்த்துச் சொன்னார்:

"பாய், இது ஆஸ்டின் கட்-அவுட். உங்க வண்டிக்கு வேண்டியது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பெல்லுன்னேன்."

டப்பா அடிக்கவில்லை. உள்ளே வெள்ளி முனைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

பனிக்குள்ளிருந்து மெஹபூப் அலியின் குரல் வந்தது. "எனக்கும் தெரியும் சார். இத்தினி வருஷம் அந்த வண்டியோட கீறேன், அதோட கட்-அவுட்டு எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னதும் அது பெல்லா பூட்ச்சி, நான் இன்னா பண்றது? வாரா வாரம் வந்து அமுக்கிப் பாத்துக்கினேன், உள்ள காயிலு நல்லா கீதான்னு."

"அப்போ நீங்க காபிக்கு வரலையா?"

"காபிக்குந்தான் வந்தேன். அத வேற கேக்கறீங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் சபைக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற விஷயம். பனியின் ஒரு மூலையிலிருந்து ஒரு குரல், தன்னிடம் ஒரு செல்ஃப் மோட்டார் இருக்கிறதோ என்னவோ, பரணில் பார்க்க வேண்டும் என்றது. இன்னொரு மூலையிலிருந்து இன்னொன்று, வைப்பர் மோட்டார் என்று முனகியது. எதிரில் யார் என்று தெரியாததால் வார்த்தை தாராளமாக வந்தது. தனபாலனே, தன் குரலைச் சற்று மாற்றிக்கொண்டு, நாலு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்றார். அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் காட்டிக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் தென்சென்னையில் இல்லாதவையெல்லாம் இருக்கத் தொடங்கின. தி.நகர் பூராவும் வெற்றிலைக்குத் தட்டுப்பாடு என்று சரோஜாதேவி அனுப்பிய ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். பனியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டுமா, அது லாரி விளக்குதான் என்று சுப்பராமன் கேட்டார். கடைப் பெண்கள் மாடிப்படியிலிருந்தே வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்கினி நட்சத்திரம் வருகிறதாம். வெங்கடேஷும் தன் அம்மீட்டரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டுக் குழம்பு அப்படி.

அடுத்த வாரம் இரண்டு ஆஸ்டின்களும் சேர்ந்து கோவளம் போயின. வெண்ணெய் வண்டி முன்னால், கரும்பச்சை பின்னால். அடையாறு பாலத்தின் இந்த முனையில் மெஹபூப் அலி பழக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அமீனா பீ, "என்னாங்க, போங்க" என்றாள். போனார்கள். நல்ல உச்சி வெயிலில் முன்விளக்கு இரண்டும் எரிய, எதிரில் வந்த பஸ் டிரைவர்களெல்லாம் கையைக் காட்டி விளக்கு எரிகிறது விளக்கு எரிகிறது என்று சொன்னார்கள். அமீனா பீ ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டித் தெரியும் என்று பதில் சொல்லிக்கொண்டே போனாள். ஷகீலா வாசலில் நின்று பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏக்கா, பகல்ல எதுக்கு லைட்டு?" என்பதுதான். அமீனா பீ அதற்குப் பதில் சொல்லாமல் தங்கையைக் கட்டிக்கொண்டாள். பின்வண்டியிலிருந்து இறங்கிய கோமளம், வழியில் இரண்டு இடத்தில் தள்ளியதால் கையெல்லாம் கறுப்பாக, குழாய் எங்கே என்று கேட்டாள். தலைவர் வண்டியின் கட்-அவுட்டுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஊருக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியது. வெண்ணெய் வண்டி மெதுவாகப் போய், பின்னால் வருகிற வண்டிக்கும் சேர்த்து வெளிச்சம் காட்டியது.

சுப்பராமன் வீட்டில் இப்போது பெல் இல்லை. வருகிறவர்கள் சார் என்று கூப்பிடுகிறார்கள், கீரைக்காரம்மா கதவைத் தட்டுகிறாள். மெஹபூப் அலி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் சுவரில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவில் விரலை வைத்து மெதுவாக அழுத்துகிறார். ஒரு சத்தமும் வருவதில்லை. உள்ளே சுப்பராமன் எழுந்துவந்து கதவைத் திறக்கிறார்.

ஊர்வலத்தில் ஒரே என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நிரந்தரத் தலைவர் இன்னும் நிரந்தரமாகத்தான் இருக்கிறார். வேறு யாருக்கும் தொப்பி இல்லை. போன ஐப்பசியில் மெஹபூப் அலி ஒரு பொருளைக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்தார். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் பீங்கான், மூன்று கால்கள். அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சுப்பராமன் அதைக் கையில் வாங்கி, வெயிலில் பிடித்து, காதில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு, "தெரியலை" என்றார். அன்று முதல் அந்தப் பொருள் எந்த வண்டியில், எந்த இடத்தில் வைத்தாலும் பொருந்துகிறது. காயில் போன வண்டியில் காயிலாகவும் கண்டென்சர் போன வண்டியில் கண்டென்சராகவும் வேலை செய்கிறது. அசல் கிடைக்கும்வரை வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கரும்பச்சை ஆஸ்டினில் நாலு மாதம் கட்-அவுட்டாக இருந்தது. கோமளத்தின் கைகள் ஓய்வெடுத்தன. இந்த மாதம் அடையாற்றில், வெங்கடேஷ் வீட்டில் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் வெற்றிலை பாக்குடன் போய் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவார். காலை நேரத்தில் மட்டும் வேண்டாம். மீனவர்கள் போன் வந்துகொண்டிருக்கும்.